எழுத்து வேற்றுமையும் பொருள் ஒற்றுமையும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஊர் எழுத்திலே திருநெல்வேலி, பேச்சிலே தின்னவேலி. தமிழகத்தின் தென்பகுதியிலும் ஒரு திருநெல்வேலி உண்டு. முன்னைய இரு பெயர்களும் எழுத்தால் வேறுபட்டும் ஓரூரையே சுட்டுகின்றன; பின்னையது எழுத்தால் முற்றும் ஒத்தும் வேறோரூரைச் சுட்டுகின்றது. அவ்வாறாயின், இரு சொற்களை ஒன்றெனத் துணிவதற்கு அடிப்படை யாது? பழைய நூல்களையும் பெயர்ப் பதிவுகளையும் கணினி வழியே தேடும் இக்காலத்தில், மெய்யியல் சார்ந்த இவ்வினா அறவியல் வினாவாகவும் ஆகின்றது.

1965 இல் சோவியத் அறிஞர் லெவென்ஷ்தைன் ஓர் அளவையை வகுத்தார். ஒரு சொல்லை மற்றொன்றாக்குவதற்கு எத்தனை எழுத்துக்களைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என எண்ணுவதே அது. திருநெல்வேலியைத் தின்னவேலியாக்க இரண்டெழுத்துக்களை மாற்றி ஒன்றை நீக்கவேண்டும், தொலைவு 3. 'வலி', 'வளி' என்பவற்றின் தொலைவு 1 மாத்திரமே, பொருளோ வேறு. ஈழத்தவர் 'ரொறன்ரோ' என்றும் தமிழகத்தவர் 'டொராண்டோ' என்றும் எழுதும் கனடிய நகரின் பெயரில் நான்கெழுத்துக்களும் வேறுபடுகின்றன, நகரோ ஒன்றே. ஒலியொத்த எழுத்துக்களை ஒரே குறியுள் அடக்கும் சவுண்டெக்ஸ் முறை 1918 இல் ஐக்கிய அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றது. அம்முறையைப் பின்பற்றி ட, ர, ற மூன்றையும் ஓரினமாகவும் ண, ன இரண்டையும் ஓரினமாகவும் கொண்டு உயிர் வேறுபாட்டை விட்டால் ரொறன்ரோ அகப்படும்; ஆனால் 'படை'யும் 'பறை'யும் ஒன்றாகிவிடும்.

இவ்விடர் தமிழுக்குப் புதிதன்று. ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமையும் எகர ஏகாரங்களை வேறுபடுத்தாமையும் பெருவழக்கு. ஆதலின் ஒரே வடிவத்தைக் 'கெடு' எனவும் 'கேடு' எனவும் படிக்க இடமுண்டு. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, ஏடுகளை ஒப்புநோக்கியே பாடங்களைத் துணிந்தார். உ. வே. சாமிநாதையர் தாம் கொள்ளாத பாடங்களையும் பிரதிபேதமென அடிக்குறிப்பிற் காட்டினார். தம் துணிபு பிழைக்கக்கூடும் என்பதை ஏற்று, பின்வருவோர் மீளத் தீர்ப்பதற்கு வழிவிட்ட செயல் அது.

கணினியின் தேடலிலும் இருவகைத் தவறுகள் நேரலாம். ஒன்றை இரண்டெனப் பிரித்தல் ஒன்று. இரண்டை ஒன்றெனக் கலத்தல் மற்றொன்று. நூற்றேடலில் முதலாவது தவறே பெரிது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எஞ்சிய ஈழத்து எழுத்துக்களை 2005 முதல் 'நூலகம்' எண்ணிம நூலகம் திரட்டி வருகின்றது. திரட்டிய நூலும் எழுத்துக்கூட்டல் வேறுபாட்டால் தேடுவோர் கைக்கு எட்டாதாயின், அவருக்கு அது இல்லாத நூலேயாம். ஆட்பெயர்ப் பதிவிலோ இரண்டாவது தவறும் கொடியது. ஒருவரின் காணியும் கடனும் பிறிதொருவர் பெயரிற் சேர்ந்துவிடலாம். எத்துணைத் தொலைவுவரை ஒற்றுமை எனக் கொள்வது என்னும் வரம்பைக் கணிதம் தானே விதிப்பதில்லை. எத்தவறைப் பொறுக்கலாம், அதனால் எவர் இழப்புறுவர் என எண்ணி மனிதரே அதனை விதிக்கின்றனர்.

யாவரும் ஒரே நியமத்தில் எழுதினால் இவ்விடர் தீராதோ எனச் சிலர் வினவுவர். இனி எழுதப்படுவனவற்றுக்கு அது உதவலாம். எழுதி முடிந்தவற்றுக்கு உதவாது. அன்றியும், நியமம் எவருடையது என்னும் வினா எஞ்சும். ஸ்கொத்லாந்தின் ஸ்கொட்ஸ் மொழிக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட ஒரே எழுத்துக்கூட்டல் இல்லை. ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொள்ளின் அதன் சொற்கள் பல பிழைகளாகவே தோன்றும். 'ரொறன்ரோ'வைப் பிழையெனத் திருத்தும் பொறியும், ஒரு சமூகம் ஒலியைச் செவிமடுத்து எழுதிய முறையையே அழிக்கின்றது.

ஆகவே, கண்டறிதலையும் திருத்துதலையும் நாம் வேறாகக் கொள்ளல் வேண்டும். பொறி ஒத்த வடிவங்களையெல்லாம் தேடித் தருக. மூலத்தின் எழுத்தை மாற்றாது விடுக. ஒன்றெனக் கொள்ளும் முடிவைக் காரணம் கூறவல்ல மனிதரிடம் ஒப்படைக்குக. பிறர் எழுதியதை அவர் எழுதியவாறே காத்தல், அவர்க்கு நாம் செலுத்தும் குறைந்தபட்ச நீதியாகும்.