போதும் என்று சொல்லும் உரிமை

வெண்ணந்தூரில் தறியோசை கேளாத தெரு அரிது. பணி நிமித்தமாக இவ்வூரில் குடியேறிய நம் இல்லத்திற்கு, சென்ற தை மாதத்தில் உறவினர் மகன் ஒருவர் வந்திருந்தார். நூல் கொடுத்துத் துணி வாங்கும் வணிகர்களுக்கென்று கணக்கு மென்பொருள் ஒன்றை அவர் ஆக்கியிருக்கிறார். எந்தத் தறிக்கு எத்தனை பாவு போயிற்று, எத்தனை மீட்டர் துணி திரும்பிற்று, கூலி எவ்வளவு, வரி எவ்வளவு என்பதெல்லாம் கைப்பேசியிலேயே தெரிந்துவிடும். ஐம்பது அறுபது வணிகர்கள் மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்துகின்றனர். இந்நிலையில் பெங்களூரைச் சேர்ந்த முதலீட்டாளர் சிலர் பணம் தர முன்வந்துள்ளனராம். “பெரியப்பா, அவர்கள் கடனாகத் தரவில்லை, பங்குக்காகத் தருகிறார்கள். தொழில் நொடித்தால் திருப்பிக் கேட்க மாட்டார்கள். இது நம் விரதத்துக்கு மாறானதா?” என்று கேட்டார்.

வினா எளிதன்று. உடனே விடை கூறவும் நம்மால் இயலவில்லை.

கடன் கொடுப்பவருக்கும் பங்கு சேர்பவருக்கும் உள்ள வேறுபாட்டை இப்பகுதி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியை உற்றாரும் நண்பரும் பங்கு போட்டு வாங்குவர். தண்ணீர் மிகுந்த ஆண்டில் ஓட்டமின்றி வண்டி நின்றால் அவரவர் பங்குக்கு இழப்பையும் ஏற்பர். கடன் கொடுத்தவருக்கோ மழை பெய்தாலென்ன, பெய்யாவிட்டாலென்ன, வட்டி வந்தாக வேண்டும். இவ்வகையில் நோக்கின் துணிகர முதலீடு என்பது கந்துவட்டியினும் பன்மடங்கு நேரியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தோற்றவனுடைய வீடு ஏலத்துக்கு வருவதில்லை.

இம்முறை அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டளவில் நிறுவன வடிவம் பெற்றது. 1957இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் கணிப்பொறி நிறுவனத்தில் இட்ட 70,000 டாலர் பின்னாளில் பல கோடி டாலராகப் பெருகியதே இதன் புகழுக்கு அடிகோலியது. நம் நாட்டில் 1988இல் ஐசிஐசிஐயும் யூனிட் டிரஸ்டும் கூடி இதற்கென ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தன.

ஆயின், இப்பணத்தின் இயல்பு பலருக்கும் தெரிவதில்லை. முதலீட்டாளரும் பிறரிடம் பணம் திரட்டியே இடுகின்றனர்; பெரும்பாலும் பத்தாண்டுக்குள் அதனைப் பெருக்கித் திருப்பித் தரக் கடமைப்பட்டவர்கள். பத்து நிறுவனங்களில் இட்டால் பெரும்பாலானவை வீழும், ஒன்றிரண்டு ஓங்கி வளர்ந்து மற்றவற்றின் இழப்பையும் ஈடு செய்யும் என்பதே அவர்கள் கணக்கு. அந்த ஒன்று எதுவென முன்னமே தெரியாதாகையால், பத்தும் அந்த ஒன்றாக முயன்றே தீர வேண்டும். ஐம்பது வணிகர்க்குப் பயன்பட்டு, நான்கு குடும்பங்களுக்குச் சோறிட்டு, கடனின்றி நடக்கும் தொழில் நமக்கு வெற்றி. அவர்கள் ஏட்டில் அது தோல்வியே.

பணத்தின் வரத்தும் ஆற்று வெள்ளம் போன்றது. இந்தியாவில் இத்தகைய முதலீடு 2021இல் ஏறத்தாழ 3,850 கோடி டாலராக உயர்ந்து, 2023இல் ஏறத்தாழ 960 கோடியாகத் தாழ்ந்தது என்பர். வெள்ளத்தை நம்பி ஆள் சேர்த்த நிறுவனங்கள் வறட்சியில் அவர்களையே வெளியேற்றின.

நம் மாநிலத்திலேயே இரு வழிகளையும் காணலாம். 1996இல் ஸ்ரீதர் வேம்புவும் அவர்தம் துணைவரும் தொடங்கி, பின்னர் ஜோஹோ எனப் பெயர் பெற்ற நிறுவனம் வெளியார் முதலீட்டை ஏலாமலே வளர்ந்தது. அங்குப் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010இல் சென்னையில் தொடங்கியதே இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ். இவர்கள் துணிகர முதலீட்டை ஏற்றனர். 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தையில் பங்கு ஒன்றுக்கு 36 டாலர் விலையில் நுழைந்தனர். அன்று ஊழியர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீசுவரராயினர். பங்கைப் பகிர்ந்தளித்த அச்செயல் போற்றத்தக்கது, நாம் மறைத்துரைப்பதற்கில்லை. அதே நிறுவனம் 2024 நவம்பரில் 660 பேரைப் பணிநீக்கம் செய்வதாக அறிவித்தபோது, 40 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவதாகவும் அறிவித்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த நம் மனம் வருந்தியது. சந்தையில் பங்குதாரர் முகத்தை நாள்தோறும் நோக்க வேண்டியவர்க்கு அது வேறு வகையாகத் தோன்றியிருக்கலாம்.

எனின், வெளிப்பணம் வாங்காமையே பற்றின்மை ஆகுமோ? ஆகாது. ஜோஹோவும் ஆண்டுக்கு நூறு கோடி டாலர் வருவாயைக் கடந்த பெருநிறுவனமே. தனியொருவர் அவாவுக்கும் எல்லை இல்லாதிருக்கலாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. 70 கோடி டாலர் மதிப்பில் சில்லுத் தொழிற்சாலை அமைக்க எண்ணிய அந்நிறுவனம், தொழில்நுட்ப வழியில் தெளிவு பிறவாமையால் 2025 மே மாதத்தில் அத்திட்டத்தை நிறுத்தி வைத்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்கள் கையில் இருந்தது.

இல்லறத்தார்க்குரிய மிகுபொருள் விரும்பாமையில் நம் முன்னோர் நிலம், மனை, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், ஏவலர் என வகைப்படுத்தி அளவு குறித்தனர். பங்குப் பத்திரம் அப்பட்டியலில் இல்லை. அன்று அது இல்லை. ஆனால் அளவு குறிப்பவர் யார் என்பதில் ஐயமே இல்லை: விரதம் ஏற்பவரே. பொருள் சிறிதா பெரிதா என்பதினும் இதுவே நமக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இளைஞர் தம் பங்கில் ஒரு பகுதியை மட்டுமே விற்பதாக எண்ணுகிறார். எவ்வளவு போதும் என்று முடிவு செய்யும் இடத்தில் வேறொருவரையும் அமர்த்துகிறார் என்பதை அவர் உணர்வதில்லை.

ஆகவே அவரிடம் வாங்காதே என்று நாம் சொல்லவில்லை. தம் தொழில் எந்த அளவுக்கு வளர்ந்தால் போதும், அதற்கு மேல் வரும் ஊதியத்தை யாருக்குப் பகிர்வது, இழப்புக் காலத்தில் யாரை வெளியேற்றுவதில்லை என்பவற்றை ஒரு தாளில் எழுதுமாறும், ஒப்பந்தம் பேசும்போது அத்தாளை முதலீட்டாளரிடம் காட்டுமாறும் கூறினோம். “காட்டினால் பணம் தர மாட்டார்களே, பெரியப்பா” என்றார். அப்படியாயின் அதுவும் இப்போதே தெரிந்துகொள்ளத் தக்கதுதானே என்றோம்.

அன்றிரவு நெடுநேரம் நம் திண்ணையில் அமர்ந்து எழுதினார். முதல் இரண்டும் விரைவில் முடிந்தன. எத்தனை வணிகர் போதும் என்னும் இடத்தில் ஓர் எண்ணை எழுதி, அடித்து, மீண்டும் எழுதினார். காலையில் அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ராசிபுரம் பேருந்து ஏறினார். முதலீட்டாளரிடம் ஒரு மாதத் தவணை கேட்டிருப்பதாக அவர் தந்தையார் பின்னர்த் தெரிவித்தார்.