ஆளுக்குப் பதில் குடம்

மொட்டைமாடிச் சுவருக்கு வானநீலம் அடித்திருக்கிறது. அதன் முன்னே எலுமிச்சை மஞ்சள் புடவை கட்டிய பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கைகள் மடியில். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ரோஸ் நிறக் குடம். அடுத்த படத்தில் அதே பெண், அதே நாற்காலி. குடம் மட்டும் பச்சை. அதற்கடுத்து ஊதா. இன்னொரு படத்தில் வாழையிலை போட்ட பந்தியில் குடங்கள் உட்கார்ந்திருக்கின்றன. வேறொன்றில் பள்ளிக்கூடக் குழுப்படம்: மூன்று பெஞ்சுகளில் அடுக்கடுக்காகக் குடங்கள், நடுவில் டீச்சர் நாற்காலியிலும் ஒரு குடம்.

என்னிடம் படிக்கும் விஸ்காம் இறுதியாண்டு மாணவி ஒருத்தி செய்த போட்டோ ஷூட் இது. பாப் ஆர்ட்டும் சர்ரியலிசமும் கலந்து ஒரு தொகுப்பு எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். படங்கள் கைக்கு வந்ததிலிருந்து திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பார்க்கும்போது தோன்றுவதைக் குறித்துவைக்கிறேன்.

*

நிழலே இல்லை. கேமராவின் தலைமேல் ஒரு ஃப்ளாஷ். அது குடத்தின் நிழலைக் குடத்துக்குப் பின்னாலேயே தள்ளிவிடுகிறது. மிச்சமாகச் சுவரில் விழும் நிழலை அழிக்கச் சுவருக்கென்று தனியாக இரண்டு விளக்குகள். வெயில் மாடிக்கு ஏறுமுன் காலையிலேயே எடுத்து முடித்திருக்கிறாள். அதனால் மஞ்சள் வெறும் மஞ்சளாகவும் நீலம் வெறும் நீலமாகவும் நிற்கின்றன. பொருளின் நிறம் என்பதைவிட அச்சு மையின் நிறம் என்று சொல்லத் தோன்றுகிறது. காமிக்ஸ் அச்சின் புள்ளிகளைப் பெரிதாக்கித் தன் ஓவியங்களில் வைத்த ராய் லிச்டென்ஸ்டைன் தேடியதும் இந்தத் தட்டையைத்தான்.

நிழல் போனதும் குடத்தின் எடையும் போய்விடுகிறது. நிரம்பிய குடம் ஏறக்குறைய 15 கிலோ இருக்கும். மூன்றாவது மாடிவரை அதைத் தூக்கி ஏறியவர்களுக்கு அந்த எடை எலும்புவரை தெரியும். இந்தப் படங்களில் குடம் காற்றில் நிற்கிறது; யாரையும் அழுத்தவில்லை. விசித்திரமான படம் என்று இதைச் சொல்கிறவர்கள் தலை இல்லாததைச் சொல்கிறார்கள். எனக்கு விசித்திரமாகப் படுவது எடை இல்லாதது.

*

1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஃபெரஸ் காலரியில் பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோலின் 32 சூப் டின் ஓவியங்கள் வைக்கப்பட்டன. கேம்பெல் நிறுவனம் அப்போது விற்றுவந்த சூப் வகைகள் 32. வகைக்கு ஓர் ஓவியம். ஒவ்வொன்றும் 20 அங்குல உயரம், 16 அங்குல அகலம். சுவர் நெடுகக் குறுகலான பலகை அடித்து, மளிகைக் கடையில் டின்களை நிறுத்துவதுபோல அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள். போருக்குப் பிறகு நிரம்பி வழிந்த அமெரிக்கக் கடை அலமாரியை அந்த வரிசை அப்படியே எடுத்துக் காட்டியது. எத்தனை வேண்டுமானாலும் இருக்கிறது, எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது, யாரும் வாங்கலாம்.

என் மாணவி பார்த்து வளர்ந்த வரிசை வேறு. ஒரே பொருள், ஒரே வடிவம், கண்ணுக்கெட்டும் தூரம்வரை. ஆனால் அது குழாயடி வரிசை. அங்கே குடங்கள் ஏராளம், தண்ணீர் இல்லை. பாப் ஆர்ட்டிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது ஒன்றையே அடுக்கிக்கொண்டு போகும் முறையை மட்டும். அமெரிக்காவில் அந்த முறை நிறைவைக் காட்டியது. இங்கே அது காத்திருப்பைக் காட்டுகிறது. இந்தத் திருப்பத்தை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. தெருவிலிருந்து அவளே கொண்டுவந்தாள்.

*

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது; 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் சென்னையின் வண்ணக் குடங்கள் உலகப் பத்திரிகைகளில் இடம்பிடித்தன. உயரத்திலிருந்து எடுத்தால் நிறங்கள் கோலமாக விரியும். கண்ணுக்கு அழகாகவே இருக்கும்.

அப்போது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாது. அதனால் லாரிக்கு முன்பே குடங்கள் வந்துவிடும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம், தம்பிக்குச் சட்டை மாட்டிவிடலாம், அரைமணி நேரம் கண்ணயரலாம். அதுவரை குடம் ஆளுக்குப் பதிலாக நிற்கும். குடத்தை யாராவது பின்னுக்குத் தள்ளிவிட்டால், ஆளையே பிடித்துத் தள்ளியதற்கு வருகிற கோபம் வரும். விடியற்காலையில் ஒரு மனிதர்கூட இல்லாத தெருவில் ஐம்பது வீட்டுக்காரர்கள் வரிசையாக நின்றுகொண்டிருப்பார்கள்.

முகத்தின் இடத்தில் குடம் என்பது அவளுடைய கற்பனை என்று எண்ணியிருந்தேன். அது தெருவில் ஏற்கெனவே நடந்த காரியம். அவள் அதைத் தெருவிலிருந்து மாடிக்கு ஏற்றி, நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறாள். சர்ரியலிசம் கனவிலிருந்து வருகிறது என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். தினமும் கண்முன் நடந்து பழகிப்போன ஒன்றைச் சற்று நிறுத்திப் பார்த்தாலும் அது வரும் என்று இந்தத் தொகுப்பு காட்டுகிறது.

*

நிறங்களைப் பற்றி அவளிடம் கேட்டேன். ரோஸ், பச்சை, ஊதா என்று வார்ஹோலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாயா?

“இல்ல மேடம். ரோஸ் எங்க வீட்டுக் குடம். தூரத்துலேர்ந்து பாத்தாலே நம்மளுதுன்னு தெரியணும்னு அம்மா அந்தக் கலர் வாங்கினாங்க. பச்சை பக்கத்து வீட்டு அக்காவோடது. ஊதா எதிர் வீடு. எல்லார் வீட்டுலயும் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

பிறகு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குடங்களின் கழுத்தில் பெயின்டால் எழுதிய எழுத்துகள், கட்டிவிட்ட துணிக் கயிறு, சூடுபோட்ட தழும்பு. ஒன்றுபோல இருக்கும் ஆயிரத்தில் தன்னுடையதைக் கண்டுபிடிக்க வீட்டுக்கு வீடு ஓர் அடையாளம். இவை எதையும் அவள் துடைக்கவில்லை. கடைக்குப் போய்ப் புதுக் குடங்கள் வாங்கியிருந்தால் படம் இன்னும் பளிச்சென்று இருந்திருக்கும். ஆள் இல்லாமல் போயிருக்கும்.

பரோடாவில் வாழ்ந்த பூபேன் காக்கரை நினைத்துக்கொள்கிறேன். சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி படித்தவர். இந்தியப் பாப் ஓவியம் என்றால் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று. 1972இல் அவர் வரைந்த ‘ஜனதா வாட்ச் ரிப்பேரிங்’ ஒரு சின்னக் கடைக்காரரின் உலகத்துக்குள் நம்மைக் கூட்டிப்போகிறது. கடைத்தெருவின் நிறங்களைக் கையில் எடுத்தும் பொருளோடு நின்றுவிடாமல் அதை வைத்திருக்கும் மனிதர்வரை அவர் போனார். மாணவியின் குடங்களும் அந்த வழியில்தான் போகின்றன.

*

ஒரு தயக்கம் இருந்தது. அதையும் எழுதவேண்டும். 1924இல் பாரிஸில் மான் ரே ஒரு பெண்ணின் முதுகைப் படமெடுத்து, அச்சிட்ட படத்தின்மேல் வயலினில் இருக்கும் இரண்டு துளைகளை வரைந்தார். ஆந்த்ரே பிரெத்தோன் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். மான் ரேயின் படம் புகழ்பெற்றது, அழகானது. ஆனால் அதில் அந்தப் பெண் வேறொருவர் வாசிப்பதற்கான வாத்தியம் ஆகிவிடுகிறார். பெண்ணின் முகத்தை மறைத்துப் பொருளை வைக்கிற எந்தப் படத்தைப் பார்த்தாலும் இந்தக் கவலை எனக்கு வரும்.

மஞ்சள் புடவையில் உட்கார்ந்திருப்பவர் அவளுடைய அம்மா. படங்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. எந்தப் படத்திலும் குடம் இடுப்பில் இல்லை. குடத்தின் வடிவமே இடுப்புக்காக வந்தது. குறுகிய கழுத்து கை வளைத்துப் பிடிக்க, அகன்ற வயிறு இடுப்பில் உட்கார. மண்ணிலும் பித்தளையிலும் எவர்சில்வரிலும் இருந்த அதே வளைவைப் பிளாஸ்டிக்கும் எடுத்துக்கொண்டது. பெண்ணும் குடமும் சேர்ந்த ஓவியங்களும் காலண்டர்களும் சினிமாக் காட்சிகளும் நம்மிடம் எத்தனையோ உண்டு. பெரும்பாலும் இடுப்பில்தான் குடம். இங்கே அம்மாவின் இடுப்பு ஓய்வில் இருக்கிறது. கைகள் மடியில் சும்மா கிடக்கின்றன. அவர் சுமக்கவில்லை, குடம்தான் அவருக்காக அந்தரத்தில் நின்றுகொண்டிருக்கிறது. என் தயக்கம் அங்கே தீர்ந்தது.

*

குடம் எப்படி நிற்கிறது? மாடிக்குக் குறுக்கே ஒரு மூங்கில். அதிலிருந்து தங்கூஸில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். மூங்கிலின் ஒரு முனை தண்ணீர்த் தொட்டிமேல். மறுமுனையைத் தோழி பிடித்துக்கொண்டாள். காற்று அடித்தால் குடம் சுற்றும். அது அடங்கும்வரை அம்மா அசையாமல் இருக்கவேண்டும்.

கம்ப்யூட்டரில் குடத்தை ஒட்டிவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அவளிடம் சொன்னேன். “குடம் நெசமாவே அங்க தொங்கணும் மேடம். இல்லன்னா அம்மா எதுக்கு முன்னாடி உக்காந்திருக்காங்க?” என்றாள்.

1948இல் ஃபிலிப் ஹால்ஸ்மன் எடுத்த ‘டாலி அட்டாமிகஸ்’ படத்தில் ஓவியர் சால்வடோர் டாலி துள்ளிக் குதிக்கிறார், மூன்று பூனைகள் பறக்கின்றன, வாளித் தண்ணீர் அந்தரத்தில் வளைகிறது. உதவியாளர்கள் பூனைகளையும் தண்ணீரையும் வீச, ஹால்ஸ்மனின் மனைவி நாற்காலியைத் தூக்கிப் பிடிக்க, 28 முறை எடுத்து அந்த ஒரு படம் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் பூனைகளைப் பிடித்துத் துவட்டி, தரையைத் துடைத்து, மறுபடி தொடங்கினார்கள். அந்த உழைப்பு படத்தில் தெரியாது. ஆனால் தண்ணீர் உண்மையாகவே வீசப்பட்டது என்பது பார்க்கிறவர் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. மாணவியின் படங்களில் சிலவற்றில் குடத்தின் விளிம்பு மெல்லக் கலங்கியிருக்கிறது. காற்றின் தடம் அது. அவள் அதைத் திருத்தாமல் விட்டதில் எனக்கு மகிழ்ச்சி. கடைசியில் அந்த அம்மாவும் மகளும் தோழியும் ஒரு குடம் அடங்குவதற்காகச் சேர்ந்து காத்திருந்திருக்கிறார்கள். இந்தமுறை அந்தக் காத்திருப்பு அவர்களே விரும்பி எடுத்துக்கொண்டது.

*

1962 ஆகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ இறந்தார். 1953இல் வெளியான ‘நயாகரா’ படத்துக்காக எடுக்கப்பட்ட விளம்பரப் புகைப்படம் ஒன்றை வைத்து, அவர் முகத்தை வார்ஹோல் ஒரே படைப்பில் 50 முறை அச்சிட்டார். இடப்பக்கம் 25 முகங்கள் வண்ணத்தில். வலப்பக்கம் 25 கறுப்பு வெள்ளையில். வலப்பக்கத்தில் சில முகங்களில் மை அப்பிக் கறுக்கிறது. ஓரத்துக்குப் போகப்போக மை குறைந்து முகம் மங்குகிறது. ஒன்றையே திரும்பச் சொல்வது துக்கத்தின் வழியும்தான் என்று அந்தப் படைப்புக்குத் தெரிந்திருக்கிறது.

தொகுப்பின் கடைசி வரிசை ஒரே குடத்தின் படங்கள். ரோஸ் நிறம் வெயில்பட்ட பக்கத்தில் வெளிறி, கிட்டத்தட்டச் சாம்பலாகிவிட்டது. குடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி எடுத்திருக்கிறாள். முதல் படத்தில் கண்ணைப் பறிக்கும் ரோஸ். கடைசியில் நிறமே இல்லை. மையைக் குறைக்கவில்லை, கணினியில் எதையும் வெளிறவைக்கவில்லை. சென்னை வெயில் ஆண்டுக்கணக்கில் செய்த வேலையை அப்படியே பதிந்திருக்கிறாள். பாப் ஆர்ட் பெரும்பாலும் கடையிலிருந்து அப்போதுதான் வந்த பொருளைப் பார்க்கிறது. இந்தக் குடம் ஒரு வீட்டில் வாழ்ந்த பொருள். அதன்மேல் இருப்பது அந்த வீட்டின் காலம்.

*

இனி மாணவர்களின் படங்களைப் பார்க்க உட்காரும்போது கேட்பதற்கு எனக்கு ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது. இந்த வினோதம் எங்கிருந்து வந்தது? வினோதமாக இருக்கவேண்டும் என்ற ஆசையிலிருந்தா, ஒன்றை நெடுநேரம் பார்த்ததிலிருந்தா? உருகும் கடிகாரமும் மீன் தலையும் மிதக்கும் குடையும் எங்கும் கிடைக்கின்றன, எடுத்துக் கோத்துவிடலாம். தன் தெருவில் குடம் ஆளாக நின்றது என்று கண்டுபிடிக்க அங்கே நின்றிருக்கவேண்டும், நின்றதை மறக்காமலும் இருந்திருக்கவேண்டும்.

ஏ-3 அளவில் பிரதிகள் எடுத்துக் குழாயடிச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்டாள். கல்லூரிக் கண்காட்சிக்கு முன்பே ஒட்டிவிடு என்று சொல்லியிருக்கிறேன். குடம் கொடுத்த வீட்டுக்காரர்கள் முதலில் பார்க்கட்டும். எது யாருடைய குடம் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்கள் சரிபார்த்த பிறகு நாங்கள் மதிப்பெண் போடுகிறோம்.