நீதிபதியும் வாக்குப்பெட்டியும்

நீதி இருக்கையில் அமர்ந்திருக்கும் ஒருவர், அதே இருக்கையில் தொடர்ந்து அமர்வதற்காக மக்களிடம் சென்று வாக்குக் கேட்கலாமா? நம் நாட்டில் இக்கேள்வி எழுவதில்லை. உயர் நீதிமன்ற நீதிபதிகள் இங்கு நியமனம் பெறுகின்றனர். 62 வயதில் ஓய்வு பெறுகின்றனர். அமெரிக்காவிலோ பெரும்பாலான மாநிலங்களில் உச்ச நீதிமன்ற நீதிபதியும் ஏதேனும் ஒரு வகையில் மக்களின் வாக்கைப் பெற்றாக வேண்டும். சில மாநிலங்களில் அவர் எதிர் வேட்பாளரோடு போட்டியிடுகிறார். வேறு சிலவற்றில் எதிராளி இல்லை. இவர் பதவியில் தொடரலாமா என்ற வினாவுக்கு வாக்காளர் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ விடை தருகின்றனர். தொலைதூர நாட்டின் வழக்கம் என்று இதை ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. இதனுள் இருக்கும் கேள்வி மனச்சான்றைப் பற்றியது.

இவ்வழக்கத்தைத் தொடங்கியவர்கள் தீய நோக்கத்தோடு தொடங்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1832இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் தேர்தல் வழியே தெரிவு செய்ய முற்பட்டது. 1846இல் நியூயார்க் மாநிலமும் தேர்தல் முறைக்கு மாறியது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. ஆளுநரின் தயவால் பதவி பெற்றவர் ஆளுநருக்கு எதிராகத் தீர்ப்பெழுதத் தயங்குவார். மக்களால் அமர்த்தப்பட்டவர் எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்று அவர்கள் வாதிட்டனர். நீதிபதியின் விடுதலைக்காகவே தேர்தல் வந்தது. ஆயினும், ஒரு தலைவரின் பிடியிலிருந்து விடுபட்டவர் பல்லாயிரம் தலைவர்களின் பிடியில் அகப்பட்டுக் கொள்வாரோ என்ற ஐயம் நாளடைவில் எழுந்தது.

கலிபோர்னியாவில் நடந்ததை நினைவு கூர்வோம். 1977இல் ரோஸ் பேர்ட் என்னும் பெண்மணி அம்மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் அவரே. அவர் முன் வந்த மரண தண்டனை வழக்குகள் 61. அந்த 61 வழக்குகளிலும் தண்டனையை நீக்க வேண்டும் என்றே அவர் தீர்ப்பளித்தார். 1986 நவம்பரில் அவர் பெயர் வாக்குச்சீட்டில் வந்தபோது, வாக்களித்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 'இல்லை' என்றனர். அவரோடு குரூஸ் ரெய்னோசோ, ஜோசப் குரோடின் என்னும் இரு நீதிபதிகளும் பதவி இழந்தனர். அவர் சட்டத்தை விடுத்துத் தம் சொந்தக் கொள்கையைத் தீர்ப்பாக எழுதினார் என்பது எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு. உயிரைப் பறிக்கும் தண்டனையில் சிறு குறையும் பொறுக்கப்படலாகாது என்பது ஆதரவாளர்களின் மறுமொழி. மரண தண்டனையை ஏற்க முடியாது என்று 2018இல் மறைக்கல்வி நூலிலேயே திருத்தம் செய்த திருச்சபையின் மக்களாகிய நமக்கு, அப்பெண்மணியின் தோல்வி அநீதியாகவே தோன்றக்கூடும்.

இனி அயோவா மாநிலத்துக்குச் செல்வோம். 2009 ஏப்ரலில் அம்மாநில உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக, ஒரே பாலினத்தார் திருமணத்தைத் தடுத்த சட்டம் மாநில அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர். 2010 நவம்பரில் அவர்களுள் மூவர் மக்கள் முன் நிற்க வேண்டியிருந்தது. தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ், மைக்கேல் ஸ்ட்ரைட், டேவிட் பேக்கர் ஆகிய அம்மூவரும் பிரச்சாரத்துக்கென நிதி திரட்டவில்லை. மூவரையும் மக்கள் நீக்கினர். 1962இல் அம்முறை ஏற்பட்டது முதல் அவ்வாறு ஒருவரும் நீக்கப்பட்டதில்லை.

திருமணத்தைப் பற்றிய திருச்சபையின் போதனையை ஏற்று வாழும் நாம், இச்செய்தியைக் கேட்டு உள்ளூர மகிழக்கூடும். அங்கேதான் நமக்குச் சோதனை. கலிபோர்னியாவுக்காக வருந்தி, அயோவாவுக்காக மகிழ்வோமானால், நாம் விரும்புவது நீதிபதியை அன்று, நம் தரப்பு வழக்கறிஞரை. அவருக்கு நீதிபதியின் அங்கியை அணிவித்துவிட்டோம், அவ்வளவே. தீர்ப்பு தவறென்று நாம் உரத்துச் சொல்லலாம். சட்டத்தைத் திருத்தப் போராடலாம். ஆனால், தாம் கற்ற சட்டத்தின்படி நேர்மையாகத் தீர்ப்பளித்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் தண்டிப்பது, அடுத்து அமர்பவருக்கு விடுக்கும் எச்சரிக்கையாகிவிடுகிறது. அந்த எச்சரிக்கை ஒருநாள் ஏழைக்கும், சிறுபான்மையினருக்கும், நமக்கும் எதிராகவே வேலை செய்யும்.

கலிபோர்னிய உச்ச நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஓட்டோ காஸ் என்பவர் இதை மறக்க முடியாத உவமையால் விளக்கினார். தேர்தலை எதிர்நோக்கும் நீதிபதி தம் தீர்ப்பின் அரசியல் விளைவை எண்ணாதிருக்க முயல்வது, குளியல் தொட்டியில் முதலை கிடக்க, அதைக் கண்டும் காணாமல் முகம் மழிப்பதைப் போன்றது என்றார். தம் மனத்துக்குச் சரியெனப் பட்டபடியே ஒரு வழக்கில் தீர்ப்பளித்ததாகவும், எனினும் பதவியில் நீடிக்கும் ஆசை தம்மையறியாமல் எவ்வளவு தூண்டியது என்பதைத் தம்மாலேயே அறிய முடியவில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். அஞ்சி நீதி தவறியவர் தம் தவற்றை அறிவார். ஆனால், நேர்மையாளர் ஒருவரும் தம் நேர்மையை உறுதி செய்துகொள்ள முடியாத நிலையில் நிறுத்தப்படுகிறார். இம்முறை இழைக்கும் ஆழ்ந்த தீங்கு இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

பணமும் இதில் புகுந்துவிடுகிறது. 2002இல் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக 5 கோடி டாலர் தீர்ப்பானது. மேல்முறையீடு வரவிருந்த வேளையில், 2004ஆம் ஆண்டுத் தேர்தலில், அந்நிறுவனத் தலைவர் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவிட்டு, பதவியிலிருந்த நீதிபதியை எதிர்த்து நின்றவருக்குத் துணை செய்தார். வென்றவர் அதே வழக்கில் அமர்ந்தார். மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. அங்கும் ஐவருக்கு நால்வர் என்ற நூலிழைப் பெரும்பான்மையே.

பிலாத்துவை நாம் ஒவ்வோர் ஆண்டும் பாடுகளின் வாசிப்பில் சந்திக்கிறோம். குற்றம் காணவில்லை என்று மும்முறை அறிவித்தவர் அவர். உண்மை அவருக்குத் தெரியாமல் இல்லை. முற்றத்தில் நின்ற கூட்டமும், பறிபோகக்கூடிய பதவியும் கண்முன் நின்றன. நீதிபதி தீர்ப்பளிக்கும்போது தமக்குத் தனிப்பட்ட முறையில் தெரிந்ததைக்கூட ஒதுக்கிவிட்டு, சட்டத்தாலும் சாட்சிகளாலும் நிலைநாட்டப்பட்டதையே பின்பற்ற வேண்டும் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பிக்கிறார். தம் சொந்த அறிவையே ஒதுக்க வேண்டியவர், வெளியே நிற்கும் கூட்டத்தின் ஆரவாரத்துக்கு எவ்வாறு செவிசாய்க்க இயலும்? இந்த அளவுகோல் நீதிபதியின் சொந்தக் கொள்கைக்கும் பொருந்தும் என்பதை மறக்கலாகாது.

அப்படியாயின் நீதிபதி எவருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டாமா? வேண்டும். அவர் தம் தீர்ப்புக்குக் காரணங்களை எழுத வேண்டும். மேல்மன்றம் அதை ஆராய வேண்டும். கையூட்டுப் பெற்றால் நீக்கப்பட வேண்டும். நடத்தைக்காகக் கணக்குக் கேட்பது வேறு, பிடிக்காத தீர்ப்புக்காகப் பழி தீர்ப்பது வேறு.

இறுதியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பங்குப் பணியில் நம்மிடமும் வழக்குகள் வருவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வேலித் தகராறு ஒன்றில் இரு குடும்பத்தார் நம்மை நாடினர். ஒருபுறம் ஊரில் உறவு நிறைந்த குடும்பம். மறுபுறம் தனித்து வாழ்ந்த ஒரு கைம்பெண். திருவிழா நெருங்கிக் கொண்டிருந்தது. இருவரும் விட்டுக்கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். சமாதானம் செய்துவைத்ததாகவே அன்று எண்ணினோம். விட்டுக்கொடுக்க அப்பெண்ணிடம் இருந்தது எவ்வளவு என்று அன்று நாம் அளந்து பார்க்கவில்லை. திருவிழா குறைவின்றி நடந்தேறியது.

நம்மை எவரும் வாக்குச்சீட்டில் நிறுத்தவில்லை. ஆயினும் முதலை இருந்தது. தந்தையராக, ஆசிரியராக, அன்பியப் பொறுப்பாளராக நீங்களும் நாள்தோறும் தீர்ப்பளிக்கிறீர்கள். அவ்வேளைகளில் யாருடைய 'ஆம்' என்ற சொல்லுக்காக நம் உள்ளம் காத்திருக்கிறது என்று கேட்டுப் பார்ப்போம்.