நஷ்டஈடு கேட்டதற்காக வேலை போவது

1969 அக்டோபரில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், எரிவாயு நிறுவனமொன்றில் வேலை பார்த்த பெண்ணுக்குக் கையில் அடிபட்டது. நிறுவனம் முகம் சுளிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் கிடைத்தது. வர முடியாத நான்கு மாதமும் சம்பளம் வந்தது. குணமாகித் திரும்பியவர் நன்றாகவே வேலை செய்தார். ஏறத்தாழ 19 மாதம் கழித்துத்தான், அந்தக் கையின் செயல்திறனில் 30 விழுக்காடு போய்விட்டது என்று தெரிந்தது. அதற்குத் தனி நஷ்டஈடு உண்டு. கேட்டால் வேலை போய்விடுமோ என்று தயங்கினார். பிறகு துணிந்து கேட்டார், பணமும் வந்தது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய கட்டாயமும் அங்கே இல்லை. கால வரையறை பேசாமல் சேர்த்த ஆளை எப்போது வேண்டுமானாலும், காரணமே இல்லாமலும் அனுப்பலாம் என்பது அமெரிக்க நீதிமன்றங்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஏற்றுவந்த நெறி. கீழ் நீதிமன்றங்கள் அதன்படியே அவருடைய வழக்கைத் தள்ளின. 1973இல் இந்தியானா உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு விலக்கு வைத்தது: நஷ்டஈடு கேட்டதற்காக நீக்கினால் வழக்குப் போடலாம்.

விபத்து இழப்பீட்டுச் சட்டம் அடிப்படையில் ஒரு கொடுக்கல் வாங்கல். முதலாளியின் கவனக்குறைவுக்காக வழக்குப் போடும் உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுக்கிறார். தவறு யாருடையது என்று பாராமல், வரையறுத்த தொகையைத் தர முதலாளி ஒப்புக்கொள்கிறார். தொழிலாளி தன் பங்கை முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது. பதிலுக்கு உள்ளதைக் கேட்டால் சீட்டுக் கிழியும் என்றால், அந்தப் பேரத்தில் அவர் கைக்கு வருவது என்ன? எந்த ஒப்பந்தத்தாலும், விதியாலும், வேறெந்த உபாயத்தாலும் முதலாளி இந்தப் பொறுப்பிலிருந்து நழுவக் கூடாது என்று இந்தியானாவின் சட்டத்திலேயே ஒரு வரி இருந்தது. வேலை போகும் என்ற பயமும் அப்படியோர் உபாயமே என்றது நீதிமன்றம். இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தைச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டில் 1948இல் வந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆவது பிரிவு வேறு வழியில் போனது. காயத்துக்கான உதவித்தொகை வாங்கும் காலத்தில், ஒழுங்குவிதிகள் அனுமதித்தால் அன்றி, வேலைநீக்கமோ தண்டனையோ கூடாது என்றது. கட்டுப் போட்டுப் படுத்திருப்பவருக்கு அது பெரிய அரண். ஆனால் பழிவாங்க நினைப்பவர் காயம் ஆறும்வரை பொறுத்திருப்பார். சிகிச்சைக் காலத்துக்கு மட்டும் பாதுகாப்புத் தந்தால் போதாது. கேட்ட செயலுக்கே, அதை எப்போது கேட்டாலும், பாதுகாப்பு வேண்டும்.

இன்னொரு கேள்வி, மீறினால் என்ன தண்டனை என்பது. 1978இல் இல்லினாய் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், கட்டைவிரலில் வெட்டுப்பட்ட பெண் தொழிலாளியிடம், நஷ்டஈடு கேட்பவரை நீக்குவதே கம்பெனியின் கொள்கை என்று மேலாளர் நேராகவே சொல்லியிருந்தார். இழந்த சம்பளத்தைத் திருப்பித் தந்தால் போதும் என்றால் பெரிய கம்பெனி அதையும் ஒரு செலவாக எழுதிவிட்டு நீக்கும். அதனால் இனி இத்தகைய வழக்குகளில் தண்டனைத் தொகையும் விதிக்கலாம் என்றது நீதிமன்றம்.

அப்படி வாய்விட்டுச் சொல்லும் மேலாளர் கிடைப்பது அபூர்வம். வழக்கமாக வருவது ஆட்குறைப்பு, வருகைக் குறைவு, ஒழுங்கீனம். வருகைக் குறைவு என்று எண்ணிய நாட்களில் பாதி, ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களாகவே இருக்கும். உண்மைக் காரணத்தை நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் தொழிலாளி தலையில்தான். அவரிடம் இருப்பவை தேதிகள்: விபத்தைத் தெரிவித்த நாள், மனுக் கொடுத்த நாள், முதல் மெமோ வந்த நாள். விபத்துக்கு முன்னே ஒரு மெமோகூட வாங்காதவருக்கு மனுக் கொடுத்த மாதத்திலேயே வரிசையாக மெமோ வந்தால் நீதிபதி அதைக் கவனிப்பார். வாய்மொழியாகச் சொன்ன விபத்துக்கு மட்டும் தேதி நிற்காது. எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.