கேட்டுவிட்டா மாட்டினார்கள்?

தை மாதத்து ஞாயிறு, காலை ஆறரை மணி. நானும் என் பழைய மாணவி ஒருத்தியும் நஞ்சராயன் குளத்துக் கரையில் நடந்துகொண்டிருந்தோம். திருப்பூரின் கழிவையும் சேர்த்துச் சுமந்து வரும் நல்லாற்று நீர் நிறைக்கும் குளம் இது. 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

சேற்றுத் திட்டில் இரை தேடிக்கொண்டிருந்த உள்ளான்களில் ஒன்றின் காலில் ஏதோ மின்னியது. பைனாகுலரை அவளிடம் கொடுத்தேன்.

"வளையமாட்ட இருக்குதுங்க மேடம். நம்பர்தான் தெரியல."

யாரோ எங்கோ அதைப் பிடித்து, எண் பொறித்த வளையத்தை மாட்டிப் பறக்கவிட்டிருப்பார்கள் என்று சொன்னேன். பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள்: "அதுகிட்டக் கேட்டுட்டா மாட்டுனாங்க?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

வாத்தியார் புத்தி போகுமா? பாடம் நடத்தினேன். 1899இல் டென்மார்க்கில் மார்டென்சன் என்ற ஆசிரியர் எண் பொறித்த அலுமினிய வளையங்களைப் பறவைகளுக்கு மாட்டத் தொடங்கியதைச் சொன்னேன். 1959இல் சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்ததையும், நம் கோடியக்கரை அதற்கு முக்கியக் களமானதையும் சொன்னேன். எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது, எந்த நீர்நிலையைக் காக்க வேண்டும் என்பதெல்லாம் இப்படித்தான் தெரியவருகிறது. "அதுகளோட நல்லதுக்குத்தான் கண்ணு" என்று முடித்தேன்.

"எங்களுக்கும் நல்லதுக்குன்னுதாங்க சொன்னாங்க."

கல்லூரிக்கு வருமுன் மூன்று வருடம் அவள் ஒரு நூற்பாலை விடுதியில் இருந்திருக்கிறாள். கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி அழைத்துப்போயிருக்கிறார்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயர் இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. கழுத்தில் அட்டை, அட்டையில் எண். சூப்பர்வைசர் கூப்பிட்டது அந்த எண்ணைச் சொல்லித்தான். கடைத்தெருவுக்குப் போகவும் வார்டன் கையெழுத்து வேண்டும். எல்லாம் பாதுகாப்புக்காம்.

அவளுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. என் காலிலும் ஒரு காலத்தில் வளையம் இருந்தது. அதற்குப் பெயர் மெட்டி. அம்மி மிதிக்கவைத்து மாட்டியபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. அதுவும் என் நன்மைக்குத்தான்.

ஆனால், அடையாளமே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியவில்லை. 1928இல் அமெரிக்காவின் ஓஹையோவில் மார்கரெட் மோர்ஸ் நைஸ் என்ற பெண் தன் வீட்டருகே வாழ்ந்த 'சாங் ஸ்பேரோ' குருவிகளுக்கு வண்ண வளையங்களை மாட்டினார். பல்கலைக்கழகப் பதவி ஏதும் அவருக்கு இல்லை. ஐந்து பெண்களைப் பெற்றவர். குருவி என்று பொதுவாகப் பார்க்காமல், இந்தக் குருவி, அந்தக் குருவி என்று வருடக்கணக்காகப் பார்த்தார். பறவைகளின் நடத்தையை ஆராயும் முறையையே அவருடைய நூல்கள் மாற்றின. புளோரிடாவில் நம் வால்காக்கைக்கு உறவான 'ஸ்க்ரப் ஜே' பறவைகளுக்கு 1969 முதல் வண்ண வளையம் மாட்டிக் கவனித்துவருகிறார்கள். அவற்றின் வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருடனே தங்கித் தம்பி தங்கைகளுக்கு இரையூட்டுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பதிந்திருக்கிறார்கள். எது யாருடைய பிள்ளை என்று தெரியாமல் இதை எப்படி எழுதியிருக்க முடியும்? ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தறிவதும் அக்கறைதான். எண்ணிக்கையில்கூட வராத வீட்டுவேலைக்காரப் பெண்களுக்கு, கணக்கில் வராமல் போவதன் வலி தெரியும்.

அப்படியானால் வளையத்துக்கும் அட்டைக்கும் என்ன வித்தியாசம்? நல்லெண்ணம் என்று சொல்ல மாட்டேன். அது எல்லோரிடமும் இருக்கிறது, வார்டனிடமும். அடையாளம் யார் தலையில் கடமையை ஏற்றுகிறது என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் மாட்டிய வளையங்களில் 'பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். அந்தக் கட்டளை பறவைக்கு அல்ல, அதைக் காண்பவருக்கு. பறவை யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது தன் வழியில் பறக்கலாம். அவள் கழுத்து அட்டையோ எங்கே போனாய், ஏன் தாமதம் என்று அவளைத்தான் கேட்டது. மெட்டியும் அப்படித்தான். யாருடையவள் என்று ஊருக்குச் சொல்லும். எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்க யாரையும் கட்டாயப்படுத்தாது.

இருந்தாலும் அவள் கேள்வி தீர்ந்துவிடவில்லை. பறவையைக் கேட்கவில்லைதான். கேட்க முடியாத ஓர் உயிரின் உடலில் அடையாளம் இடுகிறவர் அதற்குக் கடன்பட்டவர். அந்தக் குளத்தைக் காப்பதில்தான் கடனின் ஒரு பகுதியாவது தீரும். கேட்க முடிந்தும் கேட்காமல் இட்ட அடையாளத்துக்கு இந்தச் சமாதானமும் கிடையாது.

நானும் இதில் உண்டு. முதல் செமஸ்டர் முழுவதும் வருகைப் பதிவேட்டில் அவளை ரோல் நம்பராகத்தான் கூப்பிட்டேன். மூன்று வயது மூத்தவளாக ஏன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் பதிவேட்டுக்கு அவளிடமிருந்து தேவைப்பட்டது 'உள்ளேன் அம்மா' மட்டும்தான்.

உள்ளான்கள் ஒன்றாக எழும்பி அக்கரைக்குப் போயின. குறிப்பேட்டில் நேரத்தையும் இடத்தையும் எழுதினேன். வளைய எண் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன்.

திரும்பி நடக்கும்போது, "என் நம்பர் இன்னும் ஞாபகம் இருக்குதுங்க மேடம்" என்றாள். சொன்னாள். கேட்டுக்கொண்டேன். இங்கே எழுதலாமா என்று பிறகு அவளிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள்.