செல்லாத சீட்டு

ஒன்று மதிப்பிழந்துவிட்டது என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். ஒரு நாணயத்தைப் பற்றியும் சொல்கிறோம். ஒரு பாட்டைப் பற்றியும் சொல்கிறோம். ஒரு மனிதரைப் பற்றியும் சொல்கிறோம். சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். நேற்றுவரை சபையில் முதல் தாம்பூலம் வாங்கிய ஒருவர் இன்று திண்ணை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அறிவு குறையவில்லை, குணம் கெடவில்லை, குரல்கூட நடுங்கவில்லை. அப்படியானால் குறைந்தது எது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சாஸ்திரங்களைப் புரட்டலாம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. சீட்டாட்டத்திலேயே அதற்கு ஒரு விடை இருக்கிறது. உடனே முகம் சுளிக்க வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. இணையத்தில் நடக்கும் அந்த வகை ஆட்டங்களைத் தடுக்க 2025-ஆம் ஆண்டில் நாடாளுமன்றமே சட்டம் செய்துவிட்டது. நான் சொல்வது பந்தயமில்லாத சீட்டு.

'இருபத்தெட்டு' என்ற ஆட்டத்தை உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். அதில் ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஓர் இனத்துக்கு ஏழு. நான்கு இனத்துக்கும் சேர்த்து இருபத்தெட்டு. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றுமே கிடையாது! கிரீடத்தைச் சூட்டிக்கொண்டு, கையில் வாளையும் பிடித்துக்கொண்டு, ஒன்பதாம் நம்பர் சீட்டுக்குக் கீழே அவர் கைகட்டி நிற்கிறார். யாழ்ப்பாணத்தார் ஆடும் 'முந்நூற்று நாலு' ஆட்டத்தில் ராஜாவுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டி மூன்று புள்ளி கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஜாக்கிக்கு முப்பது! அதே ராஜாவை ரம்மிக்குக் கொண்டுபோனால் பத்துப் புள்ளி. சீட்டில் வரைந்த படம் ஒன்றுதான். அதன் விலையை நிர்ணயிப்பது ஆட்டம்.

இதையே இன்னும் கூர்மையாக எனக்கு எடுத்துக் காட்டியவர் மரக்காணத்தில் சந்தித்த ஓர் இளைஞர். கார்த்திகை மாத மழை. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அருகே கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளங்கள். கோடையில் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வைக்கும் பாத்திகள் அன்று வரப்புத் தெரியாமல் நீரில் முழுகிக் கிடந்தன. உப்பு வாரும் வேலை இல்லாத காலம் அது. தேநீர்க் கடையில் மழைக்கு ஒதுங்கினேன். என் அருகில் இருந்தவர் கைபேசியில் சீட்டுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ரம்மியா?" என்றேன்.

"இல்லை சார், இது வேற. இதுல பந்தயம் கிடையாது" என்று சிரித்தார். உப்பளத் தொழிலாளியின் மகன். படித்துச் சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலைக்குப் போனவர். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார்.

ஆட்டத்தின் பெயர் ஹார்த்ஸ்டோன். 2014-ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. நம் ஐம்பத்திரண்டு சீட்டைப் போல எல்லோருக்கும் பொதுவான கட்டு இதில் இல்லை. நூற்றுக்கணக்கான சீட்டுகளிலிருந்து முப்பதைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு கட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்த வகை ஆட்டத்துக்கு மூலவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணித அறிஞர். அவர் 1993-இல் 'மேஜிக்' என்ற காகிதச் சீட்டாட்டத்தை உருவாக்கினார். அதன் வாரிசுகள் இன்று கைபேசிக்குள் குடியேறியிருக்கின்றன.

"ஒரு காலத்துல எல்லாரும் தூக்கி வச்சு ஆடின கட்டு, ஆறு மாசத்துல சீந்துவாரில்லாமப் போயிடும் சார்" என்றார் அவர். ஏன் அப்படி என்று கேட்டேன். மழை விடும்வரை சொன்னார். அவர் சொன்னதை என் சொல்லில் தருகிறேன்.

முதல் காரணம் வெற்றியேதான். ஒரு கட்டு ஜெயிக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் அதையே கட்டிக்கொள்கிறார்கள். பத்துப் பேரில் ஐந்து பேர் கையில் அது இருக்கும்போது, அதை முறியடிப்பதற்கென்றே ஒரு கட்டைச் சிலர் யோசித்துக் கட்டுகிறார்கள். மற்ற ஆட்டங்களில் தோற்றாலும் அதற்கு எதிரில் மட்டும் அது ஜெயிக்கும், அது போதுமே! ஆகவே புகழ்பெற்ற கட்டு தன் பகைவனைத் தானே பெற்று வளர்க்கிறது. இரண்டாவது காரணம் புதுச் சீட்டுகள். சில மாதங்களுக்கு ஒருமுறை புதியவை வந்து இறங்குகின்றன. பழைய வீரனின் பலம் அப்படியே இருக்கிறது. எதிரே நிற்பவன்தான் வளர்ந்துவிட்டான். மூன்றாவது காரணம் வெட்கம். "இன்னுமா இதை ஆடுகிறாய்?" என்று நாலு பேர் கேட்டால், நன்றாக இருக்கிற கட்டையும் ஒளித்து வைக்கத் தோன்றிவிடுகிறது.

நான்காவது காரணம் காகிதச் சீட்டுக்கு இல்லாதது. அச்சிட்ட சீட்டை விற்றவர், பொது ஆட்டத்தில் அதைத் தடை செய்யலாம். உங்கள் வீட்டு அலமாரியிலிருப்பதன் எழுத்தை வந்து அழிக்க முடியாது. கைபேசிச் சீட்டின் எழுத்தை நிறுவனம் நினைத்தால் ஒரே இரவில் மாற்றிவிடலாம். 2015-இல் 'கிரிம் பேட்ரன்' என்று ஒரு சீட்டு வந்தது. அடிபட்டும் சாகாமல் இருந்தால் தன்னைப்போலவே இன்னொருவனைக் கூப்பிட்டுக்கொள்ளும் பாத்திரம் அது. 'வார்சாங் கமாண்டர்' என்ற வேறொரு சீட்டோடு சேர்ந்தால், களத்துக்கு வந்த உடனேயே அது தாக்கவும் செய்யும். இந்த இரண்டின் கூட்டணி அந்த ஆண்டு ஆட்டத்தையே ஆட்டிப் படைத்தது. அக்டோபர் மாதம் கமாண்டர் சீட்டின் வாசகத்தை நிறுவனம் திருத்தியது. பேட்ரன் சீட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனாலும் அந்தக் கட்டு அன்றோடு விழுந்தது. துணை இருந்தவன் போனதும் தூண் சாய்ந்தது.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த ஆட்டத்தில் வேண்டாத சீட்டை உடைத்தால் ஒருவகைத் தூள் கிடைக்கும்; அதைக் கொண்டு வேறு சீட்டு செய்துகொள்ளலாம். உயர்ந்த ரகச் சீட்டைச் செய்ய 1600 பங்கு தூள் வேண்டும். உடைத்தால் 400 தான் தேறும். ஆனால் நிறுவனமே ஒரு சீட்டின் பலத்தைக் குறைத்துவிட்டால், இரண்டு வாரத்துக்கு அதை உடைப்பவருக்கு முழுத் தூளையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் கையால் உங்களுக்கு நஷ்டம் வந்தது, பிடியுங்கள் என்று அர்த்தம். நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் பேட்ரன் போன்ற சீட்டுக்கு என்ன ஆகும்? அதை யாரும் திருத்தவில்லையே! புதுச் சீட்டு வந்ததால் விழுந்த சீட்டுக்கும், ஊரே கைவிட்டதால் விழுந்த சீட்டுக்கும் திருப்பித் தருவார் யார்?

சீட்டுக்கு இது சின்ன விஷயம். மரக்காணத்தில் நின்றுகொண்டு இதை யோசித்தால் சின்ன விஷயமாக இல்லை. அந்த ஊரோடு முடிகிற கால்வாய் ஒன்று இருக்கிறது. 1806-இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தில் கூலி கொடுத்து வெட்டிய பகுதியும் அதில் உண்டு. அப்போதைய கவர்னரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. ஆந்திரத்துப் பெத்த கஞ்சத்திலிருந்து மரக்காணம்வரை சுமார் 420 கிலோமீட்டர். மரக்காணத்து உப்பு படகேறிச் சென்னைக்குப் போன வழி அதுதான். பிறகு ரயில் வந்தது, லாரி வந்தது. தண்ணீர் வழி என்ன தவறு செய்தது? ஒன்றும் இல்லை. எதிரே நின்ற சீட்டுகள் மாறிவிட்டன. துடுப்புப் பிடித்தவர்களும் கழி ஊன்றியவர்களும் கரையேறினார்கள். அவர்கள் கையிலிருந்த வித்தைக்கு முழுத் தூளைத் திருப்பிக் கொடுத்தவர் எவரும் இல்லை. கொடுக்க வேண்டியவர் யார் என்று சுட்டிக் காட்டவும் வழியில்லை. லாரியில் வந்த உப்பை வாங்கிய எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் அந்தப் படகைக் கவிழ்த்தோம்.

விதி மாறுவதே தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உப்பையே பாருங்கள். அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலை நோயைத் தடுக்க 1962-இல் தேசியத் திட்டம் தொடங்கினார்கள். அயோடின் சேர்க்காத உப்பை உண்பதற்கு விற்கக் கூடாது என்ற தடை, 2000-இல் நீக்கப்பட்டு, 2006-இல் திரும்ப வந்தது. பாத்தியில் விளையும் கல்லுப்பு அதற்கு முன்னும் பின்னும் ஒன்றேதான். ஆனால் ஒரு நாள் விதி மாறி, உணவு என்ற பெயர் அதற்கு இல்லாமல் போயிற்று. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காக்கிற விதி அது, வேண்டியதுதான். ஆட்டத்திலும் அப்படியே. ஒரே கட்டு எப்போதும் ஜெயித்துக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு அது ஆட்டமா, தண்டனையா? மாற்றம் வேண்டும். ஆனால் மாற்றத்தின் பலன் எல்லோருக்கும் போகும்போது அதன் செலவு மட்டும் சிலர் தலையில் விழுவது ஏன் என்று கேட்பதும் வேண்டும்.

நாம் அப்படிக் கேட்பதில்லை. கேட்காமல் தப்பிப்பதற்குச் சுலபமான உபாயம் ஒன்று வைத்திருக்கிறோம். விழுந்ததைத் தரம் கெட்டது என்று சொல்லிவிடுகிறோம். கைவிட்டது நாம், பழி பொருளின் மேல்! வேலை இழந்தவரைத் திறமையில்லாதவர் என்கிறோம். வாசகர் குறைந்த எழுத்தாளரை எழுதத் தெரியாதவர் என்கிறோம். இப்படிச் சொல்லிவிட்டால் நமக்கு அவரிடம் கடன் எதுவும் மிச்சமில்லை அல்லவா? மதிப்பிழப்பைப் பற்றிய நம் பேச்சில் இருக்கிற அநீதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆட்டக்காரர்கள் 2016-இல் ஒரு காரியம் செய்தார்கள். களத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்றில் புதிய சீட்டுகளுக்கும் அடிப்படைச் சீட்டுகளுக்கும் மட்டுமே இடம். மற்றொன்றுக்கு 'வைல்டு' என்று பெயர், அங்கே பழையவை எல்லாம் செல்லும். "என் பழைய கட்டை அங்க வச்சு ஆடுவேன் சார். பெரும்பாலும் தோத்துத்தான் போவேன். ஆனா ஆட முடியுதே!" என்றார் அந்த இளைஞர். 'ஆட முடியுதே' என்ற அந்தச் சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. ஜெயிக்க வேண்டும் என்று அவர் உரிமை கோரவில்லை. இடம் இருந்தால் போதும் என்கிறார். ஒரு சமூகம் தன் முதியவர்களுக்கும், வழக்கொழிந்த தொழில் தெரிந்தவர்களுக்கும் செய்ய வேண்டியதில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

மற்றொரு பக்கமும் உண்டு. பழைய கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, காலம் கெட்டுவிட்டது என்று ஊரைத் திட்டிக்கொண்டிருப்பவரும் நியாயம் தெரிந்தவர் அல்லர். அவர் ஜெயித்த நாளில் வேறு யாரோ விழுந்திருந்தார்கள். அன்று அவர் அவர்களுக்காக ஒரு வார்த்தை பேசினாரா? ஏறும்போது தன் திறமை, இறங்கும்போது பிறர் சதி என்று கணக்கு எழுதுகிறவரிடம் அனுதாபம் காட்டலாமே தவிர, அவர் கணக்கை ஒப்புக்கொள்ள முடியாது.

விழுந்தது என்றைக்கும் விழுந்தே கிடக்கும் என்பதும் நிச்சயமில்லை. புகழ்பெற்ற கட்டு மறைந்ததும், அதை முறியடிக்கவே பிறந்த கட்டுக்கு வேலை இல்லாமல் போகிறது, அதுவும் மறைகிறது. அப்போது மறந்துபோன பழைய கட்டு ஒன்று மெல்லத் தலை தூக்கும். கால்வாய்க்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 1995-இல் ஓடத் தொடங்கிய சென்னைப் பறக்கும் ரயிலுக்காக அதன் நடுவிலேயே தூண்களை ஊன்றினார்கள். நகரத்தின் சாக்கடையை அதில் விட்டார்கள். எதற்கும் உதவாத பள்ளம் என்று பெயர் எடுத்துவிட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் எழுந்து வந்தபோது, சென்னைக்கு வடக்கே கரையோரமாகக் கிடந்த அந்தப் பள்ளம் பல இடங்களில் வெள்ளத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. அதற்கு அப்பாலிருந்த மனிதர்களில் பலர் பிழைத்தார்கள். உப்புப் படகு விடுவதற்கு வெட்டியவர்கள் இப்படி ஓர் உபயோகத்தை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதனால் கழித்துப் போட்டதையெல்லாம் கட்டிக்காக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வீட்டில் அவ்வளவு இடம் ஏது? நாம் செய்யக்கூடியது சிறியது. 'இது இனிச் செல்லாது' என்று ஒன்றைப் பற்றியோ ஒருவரைப் பற்றியோ சொல்ல வாய் திறக்கும்போது, மாறியது அதுவா, விதியா, நாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொல்லலாம். நாம்தான் என்று தெரிந்தால், அவரிடம் பேசும் குரலிலாவது அந்த நினைவு இருக்கட்டும்.