எந்தத் துறை? எந்த மனிதன்?



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நம் வீடுகளிலே ஒரே கேள்விதான் ஒலிக்கும்: “பிள்ளை எந்தத் துறைக்குப் போகிறான்?” உறவினர் கேட்பர், அயலவர் கேட்பர், கடைக்காரரும் கேட்பார். ஆனால், “அந்தத் துறை பிள்ளையை எப்படிப்பட்ட மனிதனாக ஆக்கும்?” என்று கேட்பவர் அரிது. இரண்டாவது கேள்விக்கு விடை தேடாமல் முதற் கேள்விக்கு நல்ல விடை காண முடியுமா? இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலியின் ஒரு கிளை கடலை நோக்கிச் செல்லும் வழியில் இருக்கிறது வெருகல். நெல்வயலும் மீன்பிடியும் அதன் சோறு. 2004ஆம் ஆண்டின் கடற்கோளையும் 2006ஆம் ஆண்டின் இடப்பெயர்வையும் கண்ட பூமி அது. மட்டக்களப்பு வீதியிலே பயணம் செய்தவர்கள் வெருகல் துறையில் பாதைக்காகக் காத்து நின்ற காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2011ஆம் ஆண்டிலேதான் அங்கே பாலம் திறக்கப்பட்டது.

அந்த ஊரில் ஒரு மாணவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 2013ஆம் ஆண்டு நம் பாடசாலைகளில் உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு அதன் முதற் பரீட்சை நடந்தது. நம் மாணவன் அப்பிரிவிலே சேர்ந்த முதல் நாளே தெரிவு வந்துவிடுகிறது. பொறியியல் தொழில்நுட்பவியலா, உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியலா? ஒன்று கட்டடம், இயந்திரம், மின்சாரம் என்று போகிறது. மற்றது பயிர், கால்நடை, உணவு என்று போகிறது. பல்கலைக்கழகம் சென்றாலும் தெரிவு விடுவதில்லை. பேராதனைப் பொறியியற் பீடத்திலும் முதலில் எல்லாரும் பொதுவாகப் படித்த பின்னரே, விருப்பத்தையும் புள்ளியையும் பார்த்துத் துறை பிரிக்கப்படுகின்றனர்.

அவன் காதில் மூன்று குரல்கள் விழுகின்றன. “எதற்குக் கிராக்கி அதிகமோ அதைப் படி” என்கிறது சந்தையின் குரல். “உனக்காக நகையை அடகு வைத்தோம், நாங்கள் சொல்வதைப் படி” என்கிறது வீட்டின் குரல். “நம் ஊருக்கு உதவுவதைப் படி” என்கிறது ஊரின் குரல். மூன்றிலும் நியாயம் உண்டு. ஆயினும் மூன்றையும் நிறுத்துப் பார்க்கவேண்டும்.

முதலில் சந்தை. இன்று கிராக்கியாய் இருப்பது, நான்கு ஆண்டு படித்து வெளியே வரும்போதும் அப்படியே இருக்குமா? இதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது. ஓடுகிற கூட்டத்தின் பின்னால் ஓடுகிறவன், கூட்டம் திரும்பும்போது கடைசியில்தான் நிற்பான். ஆகவே சந்தையைக் கேட்டுக்கொள்ளலாம்; அதனிடம் கடிவாளத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

அடுத்து வீடு. இங்கேதான் மனம் நோகிறது. தாயின் காப்பு அடகுக் கடையில் இருக்கும்போது, “என் விருப்பம் வேறு” என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு நா எழும்? பெற்றோருக்குப் பிள்ளை கடன்பட்டவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கடன் எந்த நாணயத்தில் தீர்க்கப்படவேண்டியது? உழைப்பு, உண்மை, முதுமையில் ஆதரவு, இவையே அதன் நாணயங்கள். பாடத் தெரிவு அதில் சேராது. தந்தைக்குக் கட்டுப்பட்டு எடுத்த துறையில் மனமின்றிப் படித்து, நான்கு ஆண்டுகளை ஏழாக்கி, பெற்றோரிடம் புள்ளியை மறைத்துப் பொய் சொல்லி வாழும் பிள்ளை கீழ்ப்படிந்தவனா? அவன் பெற்றோரின் சொல்லைக் காத்தான். அவர்களின் நம்பிக்கையைக் காக்கவில்லை.

“விருப்பத்தை வைத்து உலை வைக்க முடியுமா?” என்று ஒரு தகப்பனார் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வறிய வீட்டுப் பிள்ளைக்குப் பரிசோதனை செய்து பார்க்க அவகாசமில்லை. அவன் முதலில் சம்பாதிக்கவேண்டியிருக்கலாம். அதில் இழிவேதும் இல்லை. நம் நாட்டின் தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களாக அமைந்திருக்கிறது. மின் இணைப்பு வேலையோ உருக்கொட்டு வேலையோ பழகிச் சான்றிதழ் பெற்று உழைக்கத் தொடங்கியவனுக்கும் டிப்ளோமாவுக்கும் பட்டத்துக்கும் அதில் படி உண்டு. மெதுவாக ஏறுவது தோல்வியல்ல. தன் நிலைமையை மறைக்காமல் ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து அடுத்த படியைத் தேடுகிறவன் அப்போதே வளரத் தொடங்கிவிட்டான்.

அப்படியானால் விருப்பமே முடிவான நீதிபதியா? அதுவுமன்று. பதினாறு வயதில் நமக்கு எதில் விருப்பம் என்று நமக்கே எப்படித் தெரியும்? செய்து பார்க்காத வேலையில் வரும் விருப்பம் பெரும்பாலும் பெயரின் மீது வரும் மயக்கமே. உண்மையான விருப்பம் உழைப்புக்குப் பின்னால் வருவது. ஒரு கடினமான கணக்கோடு மூன்று இரவு மல்லாடி, நான்காம் இரவில் விடை காணும்போது பிறப்பது.

பேராசிரியர் அழகையா துரைராஜாவை நினைத்துப் பாருங்கள். பொறியியல் படித்த அவர் தேர்ந்துகொண்ட சிறப்புத்துறை மண். ஆம், நாம் மிதித்து நடக்கும் மண்! களிமண்ணும் மணலும் சுமையின் கீழ் எப்படி நடந்துகொள்கின்றன என்று கேம்பிரிட்ஜில் ஆராய்ந்தார். 1963ஆம் ஆண்டு ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, மண்ணியற் பொறியியலின் அடிப்படைகளுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. “சேற்றைப் படித்து என்ன காணப்போகிறாய்?” என்று கேட்டுவிட எவ்வளவு எளிது! உலகின் எந்தப் பாலமும் மண்ணின் மேல்தானே நிற்கிறது? அந்தச் சிறப்புத்துறை அவரைக் குறுக்கிவிடவும் இல்லை. 1988 முதல் 1994 வரை, போரின் நடுவே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பைச் சுமந்தார். ஆழமாகத் தோண்டியவன் அகலமாகவும் நிற்கலாம் என்பதற்கு அவர் சாட்சி.

இனி ஊரின் குரல். வெருகலிற் பிறந்தவன் பாலம்தான் கட்டவேண்டுமா? இல்லை. ஊர் நமக்குக் கேள்வியைத் தருகிறது. விடையை நாமே எழுதவேண்டும். ஆற்று வெள்ளத்தைக் கண்டு வளர்ந்த ஒருவன் நீர்ப்பாசனம் படிக்கலாம். மற்றொருவன் நெல்லின் நோயைப் படிக்கலாம். இன்னொருவன் கணினி படித்துத் தொலைதூரத்தில் வேலை செய்யலாம். எதைப் படித்தாலும், தன் வேலையின் மறுமுனையில் ஒரு மனிதன் நிற்கிறான் என்பதை மறவாதிருப்பதே ஊருக்குச் செலுத்தும் கடன்.

2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருக்க, மாற்றாக ஓடிய பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். காலையில் சீருடை அணிந்து சென்ற பிள்ளைகள்! தொழில்நுட்பம் என்பது வெறும் புள்ளியும் சம்பளமும் அல்ல என்பதை இதைவிட யார் சொல்லவேண்டும்? எத்தனை பேரை ஏற்றலாம், எந்தச் சுமையைத் தாங்கும், எந்த நாளில் நிறுத்தவேண்டும் என்ற கணக்குகளின் மறுமுனையில் ஒரு தாய் கரையிலே காத்து நிற்கிறாள்.

ஆதலால், மாணவத் தம்பி தங்கைகளே, செய்முறைக் கொப்பியில் நண்பனின் அளவீட்டைப் பார்த்து எழுதும்போது சற்று நில்லுங்கள். உங்கள் கருவி காட்டிய அளவு பிழையாக இருக்கலாம். பிழையை அப்படியே எழுதி, ஏன் பிழைத்தது என்று தேடுங்கள். இன்று ஆய்வுகூடத்தில் பத்துப் புள்ளிக்காகப் பொய் எழுதிய கை, நாளை கொங்கிறீற்றுக் கலவைக்குக் கையொப்பமிடும்போது எதை எழுதும்? எந்தத் துறையிலும் ஆள் வளர்வது இத்தகைய சிறு இடங்களிலேதான்.

துறையைத் தெரிவு செய்யுமுன் உங்களை நீங்களே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் புள்ளி போடாவிட்டாலும் நான் எந்த வேலையைச் செய்வேன்? எந்தத் துறையின் சலிப்பையும் தோல்வியையும் பொறுக்க நான் ஆயத்தம்? என் வேலை பிழைத்தால் பாதிக்கப்படுபவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியுமா? மூன்றுக்கும் ஒரே விடை வந்தால் துணிந்து போங்கள். வராவிட்டால் அத்துறையிலே வேலை செய்யும் ஒருவரோடு சில நாள் கூட நின்று பாருங்கள். ஒன்றைத் தேர்வதென்றால் மற்றவற்றை விடுவதுதான். அந்த இழப்பைக் கண்டு அஞ்சவேண்டாம். தெரிவு பிழைத்துவிட்டது என்று பின்னர் கண்டாலும், அதை மறைக்காமல் சொல்லித் திரும்புவது வெட்கமல்ல.

பெற்றோரே, இன்றிரவு சாப்பாட்டுக்கு இருக்கும்போது, “என்ன படிக்கப் போகிறாய்?” என்று கேட்குமுன், “இன்று எது உனக்குக் கடினமாய் இருந்தது?” என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அவன் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். அவனுடைய துறை எதுவென்று அந்தப் பேச்சிலேயே உங்களுக்கும் அவனுக்கும் மெல்லத் தெரியத் தொடங்கும்.